எச்சமும் முற்றும்

எல்லையோர ஊர்களுக்கென்று தனியானதோர் இலக்கணம் உண்டு. அது எந்த நூலிலும் எழுதப்படவில்லை. கடைத்தெருவில்தான் கற்றாக வேண்டும். முப்பது ஆண்டுகளாக ஓசூரில் வாழ்ந்துவரும் எனக்கு அதில் ஓரளவு தேர்ச்சி உண்டு. பெருநாளைக்குத் தைக்கக் கொடுத்த சட்டையைக் கேட்டுப் போனால், தையற்காரர் "ஹோ கயா ஹஸரத்" என்பார். மின்விசிறி பழுதுபார்க்கும் கடையில் "அயிப்போயிந்தி சார்" என்று தெலுங்கில் பதில் வரும். அத்திப்பள்ளியிலிருந்து செங்கல் ஏற்றி வரும் வண்டிக்காரர் "ஆயித்து, ஆயித்து" என்று கன்னடத்தில் கையசைப்பார். நம் தமிழர் "ஆச்சுங்க" என்று முடித்துக்கொள்வார். மொழிகள் நான்கு, பொருள் ஒன்றுதான். அந்த வேலை இன்னும் ஆகவில்லை என்பதே அப்பொருள்!

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் இக்கூட்டத்தில் ஒருவனே என்பதை இக்கட்டுரையின் இறுதிக்குள் வாசக அன்பர்கள் அறிந்துகொள்வீர்கள். இந்த நான்கு மொழிகளுக்கு நடுவே, ஐந்தாவதாக ஒரு மொழி சென்ற ஆண்டு என் வீட்டுக்குள் நுழைந்தது. அதுதான் ஜெர்மன் மொழி.

இம்மண்ணுக்கு ஜெர்மன் முற்றிலும் அந்நியமானதன்று. 1971ஆம் ஆண்டு தோன்றிய சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டையை அமைத்தபின், கேழ்வரகும் ரோசாவும் விளைந்த நிலத்தை அடுத்து வரிசை வரிசையாய்த் தொழிற்சாலைகள் எழுந்தன. எல்லைக்கு அப்பால் பெங்களூருவிலோ, 1951இல் தொடங்கப்பெற்ற 'மைக்கோ' நிறுவனத்தின் வழியாக ஜெர்மானியரின் போஷ் தொழில்நுட்பம் முன்பே வேரூன்றியிருந்தது. ஆகவே இயந்திரங்களின் மீது பொறிக்கப்பட்ட ஜெர்மன் எழுத்துகளை இவ்வட்டாரத் தொழிலாளர் பலர் கண்டிருக்கின்றனர். ஆனால் அன்று இயந்திரங்கள் இங்கு வந்தன. இன்று மனிதர்கள் அங்கே போகின்றனர். திறன்பெற்ற பணியாளர் குடியேறுவதற்கான ஜெர்மனியின் புதிய சட்டம் 2020ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் செவிலியரும் தொழிற்பயிற்சி மாணவரும் அந்நாட்டை நாடுவது மிகுந்தது. 1978இல் நம் மாநில அரசு நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செவிலியர்க்கு ஜெர்மன் மொழிப் பயிற்சி அளித்து வருகிறது.

என் இளைய மகள் செவிலியர் பட்டம் பெற்றவள். இவ்வூரில் ஒரு மருத்துவமனையில் மூன்றாண்டுகள் பணியாற்றிய பிறகு, "அத்தா, ஜெர்மன் படிக்கப் போகிறேன்" என்றாள். அவளுடைய அம்மா அழுதாள். நான் யோசித்தேன். கல்விக்காகத் தொலைதூரம் பயணம் செய்த இமாம்களின் வரலாறுகளை மாணவர்களுக்கு விடிய விடியச் சொல்லிக்கொடுத்தவன், சொந்த மகளிடம் வாசலைச் சாத்த முடியுமா? "சரிம்மா" என்றேன். மாலை வகுப்புக்கு அவளை அழைத்துச் செல்வதும், இரவு அவளுக்கு எதிரே அமர்ந்து பாடம் கேட்பதும் என் பொறுப்பாயின.

முதல் வாரமே எங்களுக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. தமிழ் நாவுக்கு எளிதில் வராத ஓர் ஒலி அம்மொழியில் உண்டு. 'இன்னும்' என்று பொருள்படும் 'நோக்' என்னும் சொல்லின் ஈற்றொலி, அரபியின் 'கா' எழுத்தைப் போலத் தொண்டையிலிருந்து உராய்ந்து வருவது. வகுப்பில் மற்றவர்கள் திணறியபோது என் மகள் அதை இலகுவாக ஒலித்தாளாம். ஐந்து வயதில் என் மடியிலிருந்து கற்ற மக்ரஜ் பாடம் இருபத்தைந்து வயதில் ஜெர்மன் வகுப்பில் கைகொடுத்தது. ஓதக் கற்ற நாவுக்கு உலகத்து மொழிகள் பலவற்றின் கதவுகள் பாதி திறந்தே இருக்கின்றன!

ஒரு வியாழக்கிழமை 'வேலைகளை முடித்தல்' என்று ஒரு பாடம் வந்தது. அன்றாடப் பேச்சில், ஒரு வேலை முடிந்ததா இல்லையா என்பதைத் தெரிவிக்கும் சொற்கள் அதில் தொகுக்கப்பட்டிருந்தன. நான்கைந்து சொற்கள்தாம். ஆனால் அரபு இலக்கணத்தில் முடி நரைத்த என்னை அவை உட்காரவைத்துவிட்டன.

முதற் சொல் 'ஃபெர்ட்டிஹ்'. முடிந்தது, ஆயத்தமாயிற்று என்னும் இரு பொருளும் அதற்குண்டு. சோறு வெந்துவிட்டால் ஃபெர்ட்டிஹ். எழுதிக்கொண்டிருந்தவர் எழுதி முடித்தாலும் ஃபெர்ட்டிஹ். 'இஹ் பின் ஃபெர்ட்டிஹ்' என்றால் 'நான் முடித்துவிட்டேன்' என்பது நேர்ப்பொருள். களைத்துப்போனவன் சொன்னால் 'ஓய்ந்துபோனேன்' என்றும் ஆகும். இரண்டாவது 'எர்லேடிஹ்ட்'. பொறுப்பில் இருந்த காரியம் ஒன்று தீர்ந்து, இனி அதைப்பற்றி எண்ண வேண்டியதில்லை என்ற நிலை. மின்கட்டணம் கட்டியாயிற்று, விண்ணப்பம் கொடுத்தாயிற்று என்பன போன்றவற்றுக்கு அது பொருந்தும். மூன்றாவது 'கெஷாஃப்ட்'. பாடுபட்டு ஒன்றைச் சாதித்துவிட்டோம் என்னும் பெருமூச்சு அதில் இருக்கிறது. தேர்வில் வென்றவரும், மூட்டையை மாடிக்குச் சுமந்தவரும் அதைச் சொல்வர்.

வாக்கிய அமைப்பிலும் நமக்கு உறவு இருக்கிறது. 'நான் கடிதம் எழுதியிருக்கிறேன்' என்பதை அவர்கள் 'இஹ் ஹாபெ டென் பிரீஃப் கெஷ்ரீபன்' என்கிறார்கள். செய்து முடித்ததைக் குறிக்கும் 'கெஷ்ரீபன்' என்ற சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கிறது. நம் தமிழிலும் வினை கடைசியில்தானே வருகிறது? கடைசிச் சொல்லைக் கேட்கும்வரை காரியம் என்னவாயிற்று என்று தெரியாது. ஜெர்மானியரும் நம்மைப் போலவே இறுதிவரை காத்திருந்து கேட்கும் மக்கள் என்று மகளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

இவற்றினும் என்னை ஈர்த்தது 'நோக் நிஹ்ட்' என்னும் தொடர். 'இன்னும் இல்லை' என்பது பொருள். மத்ரஸாவில் நஹ்வு பயின்றவர்கள் 'லம்', 'லம்மா' என்னும் இரு எதிர்மறைகளின் வேறுபாட்டை அறிவர். 'லம் யக்துப்' என்றால் 'அவன் எழுதவில்லை', கதை அவ்வளவுதான். 'லம்மா யக்துப்' என்றாலோ 'அவன் இன்னும் எழுதவில்லை. எழுதுவான் என்ற எதிர்பார்ப்பு நிற்கிறது' என்று பொருள். வேலூர் பாக்கியாத்தில் ஓதிய நாளில் என் உஸ்தாது இவ்வேறுபாட்டை விளக்கிவிட்டு, "லம் என்பது பூட்டிய கதவு, லம்மா என்பது சாத்திய கதவு" என்று சொன்னது நேற்றுப்போல் இருக்கிறது. நோக் நிஹ்ட் என்பது அந்த 'லம்மா'வேதான் என்று கண்டபோது, பிரிந்த உறவினரைப் பேருந்தில் கண்டாற்போன்ற மகிழ்ச்சி எனக்கு.

இன்னொரு சொல் எங்களை ஏமாற்றியது. 'ஃபாஸ்ட்' என்றால் நாம் ஆங்கிலத்தை நினைத்து 'வேகமாக' என்கிறோம். ஜெர்மனிலோ அதற்கு 'ஏறக்குறைய' என்று பொருள். 'ஃபாஸ்ட் ஃபெர்ட்டிஹ்' என்றால் 'பெரும்பாலும் முடிந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது.' அதை நம்மூர்க்காரர் ஒருவர் கேட்டால் 'வேகமாக முடித்துவிட்டான்' என்று மெச்சிக்கொண்டு போய்விடுவார்!

"சொல்லில் இவ்வளவு நுணுக்கம் எதற்கம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். அவள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொன்னாள்:

"அத்தா, ஷிப்டு மாறும்போது ஒருத்தி போவாள், இன்னொருத்தி வருவாள். போகிறவள் வருகிறவளிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அதை அங்கே 'ஊபர்காபே' என்கிறார்கள், ஒப்படைப்பு. கொடுக்காத மருந்தைக் கொடுத்துவிட்டேன் என்று நான் சொன்னால், அடுத்தவள் கொடுக்க மாட்டாள். கொடுத்ததைச் சொல்லாமல் போனால், இரண்டு முறை கொடுத்துவிடுவாள். இரண்டுமே ஆபத்து. 'இன்னும் கொடுக்கவில்லை' என்று சொல்வதில் வெட்கமே இல்லை. நோயாளியைக் காப்பாற்றுகிற வார்த்தையே அதுதான்."

அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. நம் தமிழ்ச் சொல்லையே மனம் திருப்பித் திருப்பிப் பார்த்தது. 'முடிதல்' என்றால் நிறைவேறுதல். அதுவே 'இயலுதல்' என்றும் ஆகிறது. "என்னால் முடியும்" என்பதும் "வேலை முடியும்" என்பதும் ஒரே சொல். ஆகவே "முடியவில்லை" என்று ஒருவர் சொன்னால், காரியம் தீரவில்லை என்கிறாரா, தம்மால் இயலவில்லை என்கிறாரா, உடல்நலம் இல்லை என்கிறாரா என்று பிரித்தறிவது கடினம். மொழியின் வளம் இது. சோம்பேறிக்கு ஒளிந்துகொள்ள வாய்த்த நிழலும் இதுவே. ஆனால் நம் இலக்கணிகள் ஏமாறவில்லை. முடிந்த வினையை 'முற்று' என்றார்கள். முடியாமல் இன்னொரு சொல்லை எதிர்நோக்கி நிற்பதை 'எச்சம்' என்றார்கள். எச்சம் என்றால் மீதி. எச்சத்தை முற்றென்று காட்டினால் வாக்கியம் பிழை. வாழ்க்கையிலும் அப்படித்தானே?

மறுவாரம் வகுப்பில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். குடும்பத்தில் ஒருவர் செய்து முடித்தவை, முடிக்காதவை பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுத வேண்டும். அவள் என்னைத் தேர்ந்துகொண்டாள். "அத்தா தொழுதுவிட்டார்", "அத்தா பாடம் நடத்திவிட்டார்", "அத்தா தேநீர் குடித்துவிட்டார்", "அத்தா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டார்" என்று நான்கு எழுதினாள். ஐந்தாவதற்கு எழுதுகோலை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"அந்தக் கிதாபு என்னவாயிற்று அத்தா?"

அன்பர்களே, இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும். மேலே குறிப்பிட்ட என் உஸ்தாது மறைந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. அவர் தம் கையால் எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்று உண்டு. பெண்களுக்கான மார்க்கச் சட்டங்களும் துஆக்களும் அடங்கிய 212 பக்கங்கள். தமிழ்ச் சொற்களை அரபு எழுத்தில், நம் ஒலிகளுக்கெனக் கூடுதல் புள்ளிகள் இட்டு எழுதும் அம்முறையை நம் பாட்டிமார் சரளமாக வாசித்தனர். இன்றைய பிள்ளைகளுள் வாசிப்போர் அரியர். உஸ்தாதின் துணைவியார் வாணியம்பாடியில், தெருப் பெண்களைக் கூட்டிவைத்து அதை வாசித்துக் காட்டி வந்தவர். கண் மங்கியபின் அவரால் அது இயலவில்லை. ஜனாஸா வீட்டில் அவர் அக்கிதாபை என்னிடம் கொடுத்து, "தமிழெழுத்தில் ஆக்கித் தாப்பா. பேத்திமார் வாசிக்க, நான் கேட்கணும்" என்றார். ஆறு மாதத்தில் முடித்துத் தருவதாக வாக்களித்தேன்.

பதினோர் ஆண்டுகள்! ஒவ்வொரு பெருநாளுக்கும் ஸலாம் சொல்ல அழைப்பேன். அவர் கேட்பார். "முடிகிற நிலையில் இருக்கிறதும்மா, இன்ஷா அல்லாஹ்" என்பேன். நாளைய செயலைத் தன் ஆற்றலால் ஆவதென்று எண்ணாதிருக்கக் கற்பிக்கப்பட்ட பணிவுச் சொல் அது. அதை என் சோம்பலின் மீது போர்த்தும் துணியாக நான் ஆக்கிக்கொண்டேன். ஊருக்கெல்லாம் அதன் பொருளை விரித்துரைத்தவன் செய்த வேலை இது.

மகளிடம் சொன்னேன்: "ஃபாஸ்ட் ஃபெர்ட்டிஹ் என்று எழுதிக்கொள்."

"எத்தனை பக்கம் ஆகியிருக்கிறது அத்தா?"

எனக்கே தெரியவில்லை. அலமாரியைத் திறந்து, தூசு தட்டி, எண்ணினோம். 64 பக்கங்கள். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

"இதற்கு ஃபாஸ்ட் போட்டால் டீச்சர் பிழை என்று சுழித்துவிடுவார்" என்றாள். பிறகு குனிந்து, "என் தந்தை இன்னும் முடிக்கவில்லை" என்று ஜெர்மனில் எழுதினாள். ஐம்பதைக் கடந்த ஆலிம் ஒருவனின் குற்றப்பத்திரிகை, பிள்ளையின் வீட்டுப்பாடக் குறிப்பேட்டில் ஒற்றை வரியாய் அமைந்தது.

அப்போதும் நான் வாணியம்பாடிக்கு அழைக்கவில்லை. வெட்கம் தடுத்தது. அந்நாளில் சீகன்பால்கைப் பற்றி ஒரு பழைய வரலாற்றைப் புரட்ட நேர்ந்தது. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய அந்த ஜெர்மானியப் பாதிரியார், திண்ணைப் பள்ளியில் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர். அவருடைய சமயப்பணியில் நமக்குப் பங்கில்லை. ஆனால் அவரது உழைப்பைப் போற்றத் தடையில்லை. புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி முடித்தார். அது 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சேறியது. பழைய ஏற்பாட்டை முடிக்க ஆயுள் போதவில்லை. 1719இல், நாற்பதைத் தொடுமுன்பே மறைந்தார். ரூத் என்னும் பகுதிவரை முடிந்திருந்தது. பின்வந்த சூல்ட்சே என்பவர் மீதியைத் தொடர்ந்து முடித்தார். அதே ஜெர்மானியருள் கார்ல் கிரவுல் என்னும் அறிஞர் 1856இல் திருக்குறளைத் தம் தாய்மொழியில் பெயர்த்து வெளியிட்டார் என்பதும் நாம் நன்றியோடு நினைக்கத்தக்கது.

இதில் எனக்குப் பாடமாக அமைந்தது ரூத்வரை என்னும் அந்த எல்லைக்கோடுதான். வேலை எங்கே நின்றது என்று தெரிந்ததால், அடுத்தவர் எங்கே தொடங்குவது என்று அறிந்தார். அதுதானே என் மகள் சொன்ன ஊபர்காபே! முடிக்காமல் போவது மனிதனுக்கு நேரக்கூடியது. அதைக் குற்றமென்று சொல்ல இயலாது. முடிக்காததை மறைத்து வைப்பதுதான் அடுத்தவரின் கையைக் கட்டிப்போடுகிறது.

இதற்கிடையே மகள் பி1 நிலைத் தேர்வு எழுதினாள். அதில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். முடிவு வந்த அன்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மூன்றில் தேறிவிட்டேன் அத்தா, கேட்டலில் தவறிவிட்டேன்" என்றாள். சுற்றிவளைப்பு இல்லை. தவறிய பகுதியை மட்டும் திரும்ப எழுத அத்தேர்வு இடம் தருகிறது. "நாக்ஹோலன் செய்யவேண்டும்" என்றாள். தவறவிட்டதைப் பின்னர்ச் சென்று எடுத்துக்கொள்வது என்று அதற்குப் பொருள்.

கேட்டதும் எனக்கு உடல் சிலிர்த்தது. நம் வீடுகளில் 'களா' என்று வழங்கும் சொல்லே அன்றோ இது! உரிய நேரத்தில் தொழுதால் 'அதா'. நேரம் தவறியபின் தொழுதால் 'களா'. நேரம் போய்விட்டதே என்று கடமை நீங்கிவிடுவதில்லை. கழுத்தில் கடனாக நிற்கிறது. களாவை நிறைவேற்ற முதலில் வேண்டுவது, தவறிவிட்டது என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்வது. தொழாதவன் தொழுதேன் என்று எண்ணிக்கொண்டிருந்தால் அவனுக்குக் களா ஏது?

அன்று இஷாவுக்குப் பின் வாணியம்பாடிக்கு அழைத்தேன். "உம்மா, நான் இத்தனை ஆண்டும் சொன்னது உண்மையில்லை. 64 பக்கந்தான் ஆகியிருக்கிறது. மன்னிக்க வேண்டும்" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் ஓசையில்லை. பிறகு அந்த முதிய குரல் வந்தது:

"அறுபத்துநாலு பக்கம் இருக்குதா? அதை இத்தனை நாளா ஏன்பா என்கிட்ட காட்டல? அதை எடுத்துக்கிட்டு வந்து வாசி. மிச்சத்துக்கு அல்லாஹ் இருக்கான்."

நான் நாணிப்போனேன். முழுமையாகக் கொடுக்க வேண்டும் என்ற என் வீண் பெருமைக்காக, கையில் இருந்ததையும் கொடுக்காமல் அவரைப் பட்டினி போட்டிருக்கிறேன். 'ஏறக்குறைய முடிந்தது' என்ற பொய்யைச் சொல்லாமல், 'இன்னும் இல்லை, ஆனால் இவ்வளவு இருக்கிறது' என்ற உண்மையைச் சொல்லியிருந்தால், என்றோ அவர் செவி குளிர்ந்திருக்கும்.

அதுமுதல் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, விடியற்காலையில் ஆலைப் பேருந்துகள் தொழிலாளரை இறக்கிக்கொண்டிருக்கும் வேளையில், நான் கிருஷ்ணகிரி வழியாக வாணியம்பாடிக்குப் பேருந்து ஏறுகிறேன். எழுதியவரையில் வாசிக்கிறேன். பேத்திமார் சுற்றி அமர்கிறார்கள். கண் மூடிக் கேட்கும் அம்மூதாட்டி இடையிடையே கைகாட்டி நிறுத்துவார். "அந்த இடத்தில் அவங்க 'பேணுதல்' என்று எழுதியிருப்பாங்க, நீ 'பேசுதல்' என்கிறாயே" என்பார். கிதாபைத் திறந்து பார்ப்பேன். ஒரு புள்ளியை நான் தவறாகப் படித்திருப்பேன். அவர் நினைவிலிருந்து நான் திருத்திக்கொண்ட பிழைகள் இதுவரை இருபதுக்கு மேல். நான் தனியே அமர்ந்து 'முடித்து' அச்சிட்டிருந்தால் அத்தனை பிழைகளும் முற்றுப்பெற்றிருக்கும்!

மகள் விடுபட்ட பகுதியை எழுதித் தேறிவிட்டாள். "கெஷாஃப்ட்!" என்று அவள் கூவியபோது அவளுடைய அம்மாவும் பொருள் புரியாமலே அதைத் திருப்பிச் சொன்னாள். இப்போது பி2 நிலைக்குப் படிக்கிறாள். செவிலியருக்குரிய முழுத் தகுதியை அந்நாட்டில் பெறப் பெரும்பாலும் அந்நிலை தேவைப்படுகிறது. அண்மையில் சொற்பிறப்பு அகராதி ஒன்றைப் பார்த்தபோது, 'ஃபெர்ட்டிஹ்' என்ற சொல் 'பயணம்' என்னும் பொருளுடைய பழஞ்சொல்லிலிருந்து பிறந்தது என்று அறிந்தேன். பயணத்துக்கு ஆயத்தமானவனைத்தான் முதலில் அச்சொல் குறித்ததாம். அதை மகளிடம் சொல்லவில்லை. அவளுடைய அம்மா பக்கத்தில் இருந்தாள்.

என் கிதாபு 118ஆம் பக்கத்தில் நிற்கிறது. மீதி 94. எந்தப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன் என்று ஒவ்வோர் இரவும் ஒரு தாளில் எழுதி, கிதாபின்மேல் வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். வருகிற பெருநாளைக்கு வாணியம்பாடியிலிருந்து அந்தக் குரல் "ஆயிற்றாப்பா?" என்று கேட்கும். எனக்குப் பதில் தெரியும்: இன்னும் இல்லை உம்மா. இத்தனை ஆகியிருக்கிறது, இத்தனை இருக்கிறது. இன்ஷா அல்லாஹ்.